வாயிலும் காவலும்

நுழையும்முன்

நாட்டின் எல்லை என்றதும் முள்வேலியும் படைவீரரும் நம் நினைவுக்கு வருவர். ஆயினும், நாள்தோறும் நடைபெறும் வணிகமும் பயணமும் துறைமுகம், விமான நிலையம், நிலவழிச் சோதனைச்சாவடி ஆகிய முறையான வாயில்கள் வழியாகவே எல்லையைக் கடக்கின்றன. அவ்வாயில்களில் காவல் தளர்ந்தால் தீங்கு நுழையும்; அளவுக்கு மீறி இறுகினால் நேர்மையான வணிகமும் பயணமும் தடைப்படும். இவ்விரண்டையும் பொருத்தி நடத்துவது எவ்வாறு என்பதைத் திருப்பூர்ப் பின்னலாடையின் பயணத்தைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

நொய்யல் கரையிலிருந்து

நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ள திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை நகரம் எனப் பெயர்பெற்றது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேலான பங்கு இந்நகரையும் இதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் சார்ந்துள்ளது. நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமேற்றுதல், அச்சிடுதல், வெட்டுதல், தைத்தல், பிசிறு நீக்கிச் சரிபார்த்தல், தேய்த்து மடித்தல், பெட்டியில் அடுக்குதல் என ஒவ்வொரு பணியும் பெரும்பாலும் தனித்தனிக் கூடங்களில் நடைபெறுகிறது. ஒரு நிறுவனத்தின் பெயரில் ஏற்றுமதியாகும் ஆடையில் பல சிறு நிறுவனங்களின் உழைப்பு அடங்கியுள்ளது. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து பணிபுரிவோரின் உழைப்பும் அதில் கலந்துள்ளது.

பெட்டியில் அடுக்கிய ஆடைகள், கண்டெய்னர் என மக்கள் வழங்கும் சரக்குப்பெட்டகத்தில் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைச் சென்றடைகின்றன. சென்னை, கொச்சி ஆகிய துறைமுகங்களின் வழியாகவும் ஏற்றுமதி நடைபெறுகிறது. தூத்துக்குடியிலிருந்து புறப்படும் பெட்டகங்களில் பல, இணைப்புக் கப்பல்களில் கொழும்புக்குச் சென்று, அங்கே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் பெருங்கப்பல்களுக்கு மாற்றப்படுகின்றன. 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சி. கப்பல் விட்டதும் இதே தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்தில்தான்.

ஒரு நாளின் விலை

ஆடை, பருவத்தைச் சார்ந்த பொருள். ஐரோப்பியக் கோடைக்குரிய ஆடை, கோடை தொடங்குமுன் கடையை அடைய வேண்டும். பருவம் கடந்தபின் சென்றால் அதே ஆடை பாதி விலைக்கும் விலைபோகாது. எனவே, கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சரக்கு கப்பலேறவேண்டிய நாள் குறிக்கப்படுகிறது.

துறைமுக வாயிலில் ஒரு பெட்டகம் ஒரு நாள் தேங்கினால், இழப்பு அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. இணைப்புக் கப்பல் தவறினால் கொழும்பில் காத்திருக்கும் பெருங்கப்பலும் தவறும். அடுத்த கப்பலுக்குப் பல நாள்கள் காத்திருக்க நேரிடும். காலம் தாழ்ந்த சரக்குக்கு இறக்குமதியாளர் விலைக்குறைப்புக் கேட்பார்; சில வேளைகளில் ஒப்பந்தத்தையே நீக்கிவிடுவார். அதனைத் தவிர்க்க ஏற்றுமதியாளர் தம் செலவில் விமானம் வழியாகச் சரக்கை அனுப்புவதும் உண்டு. கப்பல் கட்டணத்தைவிட விமானக் கட்டணம் பன்மடங்கு மிகுதியாதலால், அந்த ஏற்றுமதியின் ஆதாயம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். பணம் வரத் தாமதமானால் சாயப்பட்டறைக்கும் தையற்கூடத்துக்கும் செலுத்தவேண்டிய கூலி நிற்கும். வாரக்கூலியை நம்பி வாழும் தொழிலாளியின் வீட்டில் அத்தாமதம் அடுப்பங்கரைவரை சென்று சேரும்.

காவல் ஏன் வேண்டும்?

இவ்வளவு இழப்பு நேரிடுமாயின், சோதனையே இன்றிச் சரக்கை விட்டுவிடலாமே என எண்ணத் தோன்றும். அவ்வாறு விடுவதற்கு இல்லை. பெட்டகம் மூடப்பட்டபின் அதனுள் இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவர் எவருக்கும் தெரியாது. ஆவணத்தில் எழுதப்பட்டதே உள்ளே இருக்கிறது என்பதற்கு ஆவணம் மட்டும் சான்றாகாது.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில், மரத்தடிகள் எனக் குறிப்பிடப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்த ஒரு பெட்டகத்தில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொக்கெயின் கைப்பற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், மாக்கல் எனக் குறிப்பிட்டு ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாகக் கொண்டுவரப்பட்ட பெட்டகங்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஏற்றுமதித் தடை செய்யப்பட்டுள்ள செம்மரக் கட்டைகளை வேறு சரக்குகளுக்கிடையே மறைத்து வெளிநாட்டுக்குக் கடத்தும் முயற்சிகளும் தமிழகத் துறைமுகங்களில் பலமுறை முறியடிக்கப்பட்டுள்ளன.

கண்ணுக்குத் தெரியாத தீங்கும் ஒன்று உண்டு. ஏற்றுமதியை ஊக்குவிக்க, மூலப்பொருள்களின்மீது செலுத்தப்பட்ட தீர்வையின் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. மலிவான கழிவுத்துணியை உயர்ந்த விலையுள்ள ஆடையெனப் பொய்யாகக் குறிப்பிட்டு இத்தொகையைக் கவரும் மோசடி பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. இதனால் மக்களின் வரிப்பணம் வீணாகிறது. அதைவிட மேலாக, அதே வகைச் சரக்கை நேர்மையாக அனுப்புவோர் அனைவர்மீதும் ஐயத்தின் நிழல் விழுகிறது.

முன்னோர் கண்ட முத்திரை

வாயிலில் காவலும் வணிகமும் கூடி வாழவேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றிப் பணியாற்றிய காட்சியைத் தருகிறது. கடலிலிருந்து கரைக்கு வந்த பொருள்கள்மீதும், கரையிலிருந்து கடலுக்குச் செல்லவிருந்த பொருள்கள்மீதும் அவர்கள் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்தனர். அளவிட இயலாத பண்டங்கள் குவிந்த அத்துறையில் முத்திரையே சரக்குக்கும் அரசுக்கும் இடையிலான உறுதிமொழியாக விளங்கியது.

கௌடில்யரின் அர்த்தசாத்திரமும் இதனை விரித்துரைக்கிறது. முத்திரையில்லாத சரக்குக்கு இருமடங்கு சுங்கமும், பொய்முத்திரையிட்ட சரக்குக்கு எட்டு மடங்கு சுங்கமும் விதிக்க அந்நூல் வழிசெய்கிறது. நாட்டுக்குள் வருவோரும் வெளியேறுவோரும் முத்திரையிட்ட அனுமதிச்சீட்டைப் பெறவேண்டும் எனவும் அதற்கெனத் தனி அதிகாரி இருக்கவேண்டும் எனவும் கூறுகிறது. மறந்தவனுக்கு ஓர் அளவும் ஏமாற்றியவனுக்கு வேறோர் அளவும் என வேறுபடுத்திய அந்நோக்கு இன்றைய சட்டங்களிலும் தொடர்கிறது.

தெரிந்து தெளிவோம்

சுங்கவரியைக் குறிக்கும் பழைய தமிழ்ச்சொல் ‘உல்கு’ என்பதாகும். அரசனுக்குரிய வருவாய்களைக் கூறும் திருக்குறள் (756) இச்சொல்லைப் பயன்படுத்துகிறது. முதலாம் குலோத்துங்கச் சோழன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பட்டான்.

எல்லாவற்றையும் திறந்து பார்த்தால்?

தீங்கு நுழையாதிருக்க ஒவ்வொரு பெட்டகத்தையும் திறந்து பார்ப்பதே வழி எனத் தோன்றலாம். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலுக்குப்பின் அமெரிக்காவில் இக்கருத்து வலுப்பெற்றது. வெளிநாட்டுத் துறைமுகங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்படும் எல்லாப் பெட்டகங்களையும் ஏற்றுமுன்பே கருவிகொண்டு ஊடுருவிப் பார்க்கவேண்டும் என 2007ஆம் ஆண்டில் அந்நாடு சட்டம் இயற்றியது. 2012ஆம் ஆண்டுக்குள் நிறைவேற்றப்படவேண்டிய அவ்விதி, நடைமுறைக்கு இயலாததாக இருந்தமையால் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது.

இதற்குக் காரணங்கள் உள்ளன. ஊடுகதிர்க் கருவி எடுத்த படத்தை மனிதர் பார்த்துப் பொருளறிய வேண்டும். நாள்முழுதும் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே வேகத்தில் பார்க்கும் கண் களைத்துப்போகும். எல்லாவற்றையும் ஒரே அளவில் ஐயுறும்போது உண்மையில் ஐயுறவேண்டியதற்கு நேரம் கிடைப்பதில்லை. வரிசை நீள நீள, வரிசையை விரைந்து கடக்கக் கையூட்டுக் கொடுக்கும் தவறான பழக்கமும் தலைதூக்கும். இவ்வாறு, மிகுதியான சோதனை வணிகத்தைத் தடுப்பதோடு காவலையும் வலுவிழக்கச் செய்கிறது.

இடரறிந்து பிரித்தல்

ஆகவே, உலகச் சுங்கத்துறைகள் வேறொரு முறையை வகுத்தன. எல்லாச் சரக்குகளையும் பற்றிய செய்தியை முன்கூட்டியே பெறுவது. அச்செய்தியைக் கொண்டு இடர் மிகுந்தவற்றைப் பிரிப்பது. அவற்றை மட்டும் ஆழ்ந்து சோதிப்பது. ஏனையவற்றை விரைந்து விடுவிப்பது. பின்னர்க் கணக்குகளைத் தணிக்கை செய்வது என்பதே அம்முறை. உலகச் சுங்க அமைப்பு 2005ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு நெறிமுறைகளும், 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க உடன்பாடும் இதனையே வலியுறுத்துகின்றன. இந்தியா இவ்வுடன்பாட்டை 2016ஆம் ஆண்டில் ஏற்றது.

இந்தியச் சுங்கத்துறை இறக்குமதிக்கு 2005ஆம் ஆண்டிலும் ஏற்றுமதிக்கு 2013ஆம் ஆண்டிலும் இடர் மேலாண்மை முறையைக் கொண்டுவந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர் தம் சரக்கின் விவரம், மதிப்பு, செல்லும் நாடு ஆகியவற்றைக் கொண்ட ஏற்றுமதிப் பட்டியலைக் கணினி வழியே அளிக்கிறார். ‘ஷிப்பிங் பில்’ என வழங்கும் இப்பட்டியலைக் கணினி பல கோணங்களில் ஒப்பிடுகிறது. இந்நிறுவனம் முன்பு தவறு செய்துள்ளதா, குறிப்பிட்ட விலை அவ்வகை ஆடைக்குப் பொருந்துகிறதா, புதிதாகத் தொடங்கிய நிறுவனம் திடீரெனப் பெருமதிப்புள்ள சரக்கை அனுப்புகிறதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை தேடப்படுகிறது. இடர் குறைந்த சரக்கு விரைந்து செல்கிறது. ஐயத்துக்குரியது அதிகாரியின் நேரடிச் சோதனைக்குத் திருப்பப்படுகிறது. சுங்கச் சட்டம் (1962) கூறும் ஏற்றுமதி அனுமதி ஆணை கிடைத்தபின்னரே எந்தச் சரக்கும் கப்பலேறும்.

பழைய புலிமுத்திரையின் இடத்தில் இன்று மின்னணு முத்திரை உள்ளது. 2017ஆம் ஆண்டு முதல், அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தம் தொழிற்கூடத்திலேயே பெட்டகத்தை நிரப்பி, வானொலி அலையால் படிக்கத்தக்க முத்திரையைத் தாமே இடுகின்றனர். துறைமுகத்தில் அம்முத்திரை கருவியால் படிக்கப்படுகிறது. வழியில் எவரேனும் அதனைச் சிதைத்திருந்தால் கருவி காட்டிக்கொடுக்கும்; அப்பெட்டகம் சோதனைக்கு உள்ளாகும்.

நம்பிக்கைக்கு ஒரு சான்று

தொடர்ந்து நேர்மையாக நடந்துகொள்ளும் நிறுவனத்தையும் முதன்முறை வரும் நிறுவனத்தையும் ஒன்றுபோல் நடத்துவது முறையன்று. இவ்வெண்ணத்தின் அடிப்படையில், ‘ஏ.இ.ஓ.’ எனச் சுருங்க வழங்கும் அங்கீகரிக்கப்பட்ட வணிகர் திட்டத்தை இந்தியா 2011ஆம் ஆண்டில் தொடங்கி, 2016ஆம் ஆண்டில் விரிவாக்கியது. கணக்குகளின் ஒழுங்கு, சட்டத்தைப் பின்பற்றிய வரலாறு, நிதிநிலை, தொழிற்கூடத்தின் பாதுகாப்பு ஆகியவற்றை ஆராய்ந்து இத்தகுதி அளிக்கப்படுகிறது. தகுதி பெற்றோரின் சரக்குகள் குறைந்த அளவே சோதிக்கப்படுகின்றன. அமெரிக்கா, தென்கொரியா போன்ற நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்களால், இங்கு பெற்ற தகுதி அந்நாடுகளின் வாயில்களிலும் மதிக்கப்படுகிறது.

இத்தகுதி நிலையான உரிமையன்று. தவறு செய்தால் திரும்பப் பெறப்படும். சட்டத்தை மீறுவதால் கிடைக்கும் சிறு ஆதாயத்தைவிட நம்பிக்கையை இழப்பதால் நேரும் கேடு பெரிது என்னும் நிலையை இத்திட்டம் உருவாக்குகிறது.

எனினும், இதில் கவனிக்கத்தக்க ஓர் இடர்ப்பாடு உள்ளது. பெருநிறுவனம் ஆவணங்களைப் பேணத் தனிப்பிரிவே வைத்துக்கொள்ளும். சில தையல் இயந்திரங்களுடன் இயங்கும் சிறுநிறுவனத்தில் உரிமையாளரே கணக்கரும் ஆவார். சரக்கேற்றும்போது மேற்பார்வை செய்பவரும் அவரே. நம்பிக்கையை மெய்ப்பிக்கும் செலவைத் தாங்க இயலாமையால், நேர்மையான சிறுவணிகர் நீண்ட வரிசையில் நிற்க நேரலாம். நேர்மைக்கும் நேர்மையைக் காட்டும் வசதிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கில், சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தகுதி விதிகள் 2020ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டன. திருப்பூர் போன்ற சிறுதொழில் நகரங்களுக்கு இத்தளர்வு மிகவும் தேவையானது.

பயணிகளின் வாயில்

பின்னலாடைத் தொழிலில் பொருள்களோடு மனிதரும் எல்லையைக் கடக்கின்றனர். கொள்முதல் செய்வோர், தரச்சோதனையாளர், இயந்திரங்களை நிறுவும் வல்லுநர் முதலியோர் வெளிநாடுகளிலிருந்து வருகின்றனர். திருப்பூர் வணிகர் மாதிரி ஆடைகளுடன் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குச் செல்கின்றனர். சரக்குக்குரிய முறையே இங்கும் பயன்படுகிறது. 2014ஆம் ஆண்டில் தொடங்கிய மின்விசா முறையில், பயணி தம் நாட்டிலிருந்து புறப்படும் முன்னரே விவரங்களை அளித்து ஒப்புதல் பெறுகிறார். கோயம்புத்தூர் விமான நிலையமும் இவ்விசாவுடன் நுழையத்தக்க வாயில்களுள் ஒன்று. விமானம் தரையிறங்குமுன்பே பயணிகளின் பட்டியல் குடியேற்ற அதிகாரிகளைச் சென்றடைகிறது.

2024ஆம் ஆண்டு ஜூனில், முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகள் தானியங்கி வாயில்களின் வழியே விரைந்து செல்லும் திட்டம் தில்லியில் தொடங்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உள்ளிட்ட வேறு விமான நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அறிந்தவர் விரைந்து கடப்பதால், அறியாதவரிடம் வினவ அதிகாரிக்கு நேரம் கிடைக்கிறது. ஆயினும், முகமும் கைரேகையும் கணினியில் பதிவாகும் இக்காலத்தில், அத்தரவுகளைக் காப்பதும் அரசின் கடமையாகிறது. ஒருவரின் தோற்றம், மொழி, பிறந்த ஊர் ஆகியவற்றைக்கொண்டு ஐயுறுவது இடரறிதல் ஆகாது, அது முன்முடிவு. செயலையும் சான்றையும் கொண்டு ஆராய்வதே அறநெறிக்கும் காவலுக்கும் உகந்தது.

வாயில் அடைபடும்போது

வாயில் முற்றிலும் மூடப்படும்போது அதன் விளைவு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இந்தியப் பருத்தி நூலைப் பெருமளவில் வாங்கும் நாடு வங்காளதேசம். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நாடு, நிலவழிச் சாவடிகளின் வழியே இந்திய நூல் நுழைவதை நிறுத்தியது. அடுத்த மாதம் இந்தியா, வங்காளதேச ஆயத்த ஆடைகள் நிலவழியாக வருவதைத் தடுத்து, கொல்கத்தா, நவசேவா ஆகிய துறைமுகங்களின் வழியே மட்டும் அனுமதித்தது. நிலவழியில் சில நாள்களில் சென்ற சரக்கு கடலைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. உள்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சிலருக்கு இது வாய்ப்பாயிற்று. நூல் விற்கும் ஆலைகளுக்குச் சுமையாயிற்று. ஒரே முடிவு ஒரே தொழிலுக்குள் ஒருவருக்கு நன்மையாகவும் மற்றவருக்குத் தீமையாகவும் அமைவதை இது காட்டுகிறது. ஆதலால், வாயிலைப் பற்றிய முடிவுகள் எல்லாத் தரப்பினரையும் எண்ணிப்பார்த்து எடுக்கப்பட வேண்டியவை.

காவல் தொடங்கும் இடம்

எல்லைக் காவல் துறைமுக வாயிலில்தான் தொடங்குகிறது என்பது பொதுவான எண்ணம். திருப்பூரின் பட்டறிவு வேறொன்றை உணர்த்துகிறது. பெட்டியில் ஆடைகளை எண்ணி அடுக்குபவர் சரியான எண்ணிக்கையை எழுதும்போதே காவல் தொடங்கிவிடுகிறது. ஆவணம் எழுதுபவர் உண்மையான மதிப்பைக் குறிக்கும்போதும், முத்திரையிட்ட பெட்டகத்தை ஓட்டுநர் வழியில் கவனத்துடன் கொண்டுசெல்லும்போதும் அது தொடர்கிறது. சுங்க அதிகாரி இச்சங்கிலியின் இறுதிக் கண்ணியே ஆவார்.

ஒரு பெட்டகத்தில் மறைக்கப்பட்ட பொய், அதனை அனுப்பியவரை மட்டும் பாதிப்பதில்லை. அடுத்து வரும் நூறு நேர்மையான பெட்டகங்களின் வேகத்தையும் குறைக்கிறது. அதுபோலவே, காரணமின்றித் தேக்கப்பட்ட ஒரு நேர்மையான பெட்டகம், சட்டத்தை மதித்து நடப்பதால் பயன் என்ன என்னும் சலிப்பைப் பிறருக்குள் விதைக்கிறது. முன்னதைத் தடுப்பது வணிகரின் பொறுப்பு; பின்னதைத் தடுப்பது அரசின் பொறுப்பு. இருவரும் தத்தம் பொறுப்பை நிறைவேற்றும்போது, நொய்யல் கரையில் தைத்த ஆடை உரிய நாளில் உரிய கடையைச் சென்றடையும். நாட்டின் வாயிலும் காவலோடு விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் விளையும் அல்லது உருவாகும் பொருள் ஒன்று வெளிநாட்டைச் சென்றடையும் வழியைப் படமாக வரைந்து, எந்தெந்த இடங்களில் சோதனை நடைபெறுகிறது எனக் குறிப்பிடுக.

2. ‘எல்லாவற்றையும் சோதிப்பதே பாதுகாப்பு’, ‘ஐயத்துக்குரியதை மட்டும் சோதிப்பதே பாதுகாப்பு’ ஆகிய இரு கருத்துகளை முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நேர்மையான சிறுதொழில் நிறுவனம் தன் நம்பகத்தன்மையை எளிதில் மெய்ப்பிக்க அரசு என்னென்ன உதவிகளைச் செய்யலாம் என்பது குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.